இரண்டாவது விசில்

பொரசம்பட்டியில் சத்தம் நடக்க ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில். அதுவரைக்கும் மற்ற ஊர்களில் ஓடுவது போல ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு ஊருக்கு வடக்கே கரட்டிலிருக்கும் கல் குவாரியில் பாறை எழும்பி விழுந்ததை ஊரே பார்த்தது, தரை காலுக்கடியில் புரண்டு படுத்ததை ஊரே உணர்ந்தது, சுவரில் காரை உதிர்ந்தது, கோழிகள் கூரைக்குப் பறந்தன, வெள்ளைப் புழுதி எழுந்து வந்து மூடாமல் கிடந்த சோற்றுப் பானைகளிலெல்லாம் இறங்கியது; வெடிச் சத்தம் மட்டும் வரவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, "என்னடி இது?" என்று கேட்டார்கள். அவரவர் குரல் அவரவருக்கு மட்டும் கேட்டது.

ஏன் என்று கேட்காதே. அந்தக் கரட்டை இரண்டு தலைமுறையாகக் குடைந்து லாரியில் ஏற்றினார்களே, அப்போது எவனும் ஏன் என்று கேட்கவில்லை. காற்று களைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். அதுவும் எல்லாக் காற்றும் இல்லை. கரட்டின் அடிவாரத்திலிருந்து தெற்கே ஊரெல்லைக் கல் வரைக்கும் உள்ள காற்று. கரட்டு மேலே காற்று பழைய காற்றுதான்; எல்லைக் கல்லைத் தாண்டிய பஸ் ஸ்டாப்பிலும் பழைய காற்றுதான். நடுவில் கிடந்த ஊரில் மட்டும் சத்தம் நத்தையைவிட மெதுவாக, முதுகில் மூட்டை ஏற்றிய கிழவன் போல நடந்தது. இந்த வீட்டில் போட்ட கூச்சல் எதிர் வீட்டுக்குப் போய்ச் சேர மறுநாள் ஆனது. ஓடுகிற சத்தம் போகப் போக இளைத்துத் தேய்ந்து போகும். நடக்கிற சத்தம் தேயவில்லை. முணுமுணுத்தது முணுமுணுத்தபடியே போய்ச் சேர்ந்தது. அதுதான் வினை.

அந்த வெடியில் மூன்று பேர் செத்தார்கள். கீழத்தெரு மாரக்காள் மகன் அழகுமணி, மேலத்தெரு செல்லப்பாண்டி, விசில்காரன் மொக்கராசு. மொக்கராசு வெள்ளத்தாயின் புருஷன்.

குவாரியில் வெடி வைப்பதற்கு ஒரு முறை உண்டு. முதல் விசிலுக்கு ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். விசில்காரன் சிவப்புக் கொடியோடு குழிக்குள் இறங்கி, இரண்டாவது விசிலை நீளமாக ஊதிக்கொண்டே சுற்றி வந்து, பாறைக்குப் பின்னால் பீடியோடு உட்கார்ந்திருக்கிறவனை விரட்டுவான். அவனும் ஏறி வந்து நின்ற பிறகு மூன்றாவது. அதன் பின்பே சுவிட்சைத் தொடலாம். கீழே ஊரில் பெண்களுக்கும் அதே முறைதான்: முதல் விசிலுக்குச் சோற்றுப் பானையை மூடுவார்கள், இரண்டாவதுக்குப் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுப்பார்கள், மூன்றாவதுக்குக் கைக்குழந்தையின் காதைப் பொத்துவார்கள். யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

அன்றைக்குப் பானைகள் மூடப்படவில்லை. மொக்கராசுவின் குற்றத்துக்கு அதுவே சாட்சியாகிப் போனது.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஊருக்குள் வந்து, தான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை என்று கண்டு, கோபப்பட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய் உட்கார்ந்தார். ஊரும் பின்னாலேயே போனது. எல்லைக் கல்லைத் தாண்டியதும் எல்லாருக்கும் காது திறந்துகொண்டது. அவ்வளவு இரைச்சலும் ஒரே நேரத்தில் வந்து விழ, சிலர் அழுதுவிட்டார்கள்.

"விசில் கேட்டதா?" என்றார் அதிகாரி.

"கேக்கலைங்கய்யா. கேட்டிருந்தா பானைய மூடியிருப்போம்ல? எங்க வீட்டுச் சோறெல்லாம் மண்ணாப் போச்சு."

"எங்க வீட்லயும் மண்ணுங்கய்யா."

குவாரி மேனேஜர் கந்தவேல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "மொக்கராசு நல்ல மனுஷன்தான் சார். என்ன, அன்னைக்குக் கவனம் தப்பிப் போச்சு. செத்தவனப் பத்தி நாம என்ன சொல்றது?" சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் சொல்ல மாட்டேன் என்கிற சாதி. குவாரியில் மிச்சமிருந்த ஆட்கள் வடக்கேயிருந்து வந்தவர்கள். வெடி நடந்த அன்று சாயங்காலமே லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டிருந்தார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை.

வெள்ளத்தாய் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"விசில் கேக்கலைங்கிறீகளே, வெடி கேட்டுச்சா?"

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"சொல்லுங்க. வெடிச் சத்தம் கேட்டுச்சா, இல்லையா?"

"அது கேக்கல," என்றாள் ஒருத்தி. "ஆனா வெடிச்சத நாங்க கண்ணால பாத்தோம்ல?"

"விசிலக் கண்ணால பாக்க முடியுமாடி, கூறுகெட்டவளே!"

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "அம்மா, ஓரமாப் போங்க," என்றார். வெடி கேட்காததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, விசில் கேட்காததை மட்டும் எடுத்தார்கள். அத்தனை பேரும் சொன்னது உண்மை. அத்தனை உண்மையும் சேர்ந்து ஒரு பொய்யாகி, பஸ் ஏறிப் போனது.

அதன் பிறகு ஊர் நடக்கிற சத்தத்தோடு வாழப் பழகியது. மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்? லாரி முதலில் வரும், ஹாரன் மறுநாள் வரும். அடிபட்டு ஆடுகள் செத்தன, பிறகு ஆடுகளும் பழகின. தெருவில் நடந்தால் நேற்று எவனோ எவளையோ திட்டியது வந்து மூஞ்சியில் மோதும். வேகமாக நடந்து போய் மோதினால் அது சொல்லாகக் கேட்காது, கீச்சென்று ஒரு கீறல்தான். எதிரே வருகிற ரயிலின் ஊதல் மெலிந்து கூர்மையாகக் கேட்குமே, அந்த மாதிரி. சொல் வேண்டுமானால் கால் ஊன்றி நிற்க வேண்டும், அது உன்னைக் கடந்து போகிறவரை. இதனால் ஊர் வம்பு தேடுகிறவர்கள் தெருவில் ஆங்காங்கே கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

கொடைத் திருவிழாவில் கொட்டுக்காரர்கள் அடித்த அடிக்கு அவர்களைத் தவிர யாரும் ஆட முடியவில்லை. மறுநாள் கோவிலில் ஆளில்லாதபோது மேளம் வந்து ஊரைச் சுற்றியது, மாவு ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் குழவியைப் போட்டுவிட்டு ஆடினார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர் ஒலிபெருக்கியில் கொடுத்த வாக்குறுதியெல்லாம் அவர் ஜெயித்துப் போய் வெகுநாள் கழித்து வந்து சேர்ந்தது. அதில் மட்டும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வவ்வால்கள்தான் பாவம். அவை கண்ணால் பறப்பதில்லை. நமக்குக் கேட்காத கீச்சை முன்னால் எறிந்து, அது எதன் மேலாவது பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டு, அதை வைத்துச் சுவர் எங்கே, பூச்சி எங்கே என்று அறிகிறவை. எறிந்த கீச்சு திரும்பி வரவில்லை. அதற்கு முன்னால் அவையே போய்ப் புளியமரத்தில் மோதி விழுந்தன. மிஞ்சியவை ஒரு சாயங்காலம் கூட்டமாகத் தெற்கே போய்விட்டன, கொசு பெருகியது. ஆண் தவளை குளத்தின் இந்தக் கரையில் கூப்பிட்டது. அந்தக் கூப்பாடு அந்தக் கரையிலிருந்த பெண் தவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது குளம் வற்றியிருந்தது. பாம்புகளுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவற்றின் தாடை தரையில் கிடக்கிறது, கேட்க வேண்டியதில் பாதி தரை வழியாகவே வந்துவிடுகிறது.

காற்றுதானே களைத்தது, கல்லும் கட்டையும் எலும்பும் களைக்கவில்லை. பாறைக்குள் சத்தம் காற்றில் ஓடுவதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக ஓடும், எல்லா ஊரிலும் உள்ள நடைமுறைதான் அது. நம் குரல் நமக்குக் கேட்பதும் பாதி எலும்பு வழியாகத்தான். இதைக் கண்டுபிடித்தது ஒரு புருஷன் பெண்டாட்டி. சண்டையில் அவன் அவளை முட்டப் போக, நெற்றியும் நெற்றியும் சேர்ந்த நிமிஷத்தில் அவள் திட்டிக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு சொல் விடாமல் அவன் மண்டைக்குள் கேட்டது. அன்றிலிருந்து பொரசம்பட்டியில் பேச்சென்றால் நெற்றியோடு நெற்றி முட்டுவது. பாசமாகப் பேசவும் அதுதான், அசிங்கமாகத் திட்டவும் அதுதான். திட்டுகிறவன் திட்டப்படுகிறவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வியர்வையும் மூச்சும் கலக்க, "நாசமாப் போ" என்று சொல்ல வேண்டியிருந்தது. பாதிச் சண்டைகள் அதிலேயே முடிந்தன.

இவ்வளவு நல்லது நடந்தால் மேலத்தெரு சும்மா இருக்குமா? கீழத்தெருக்காரன் நெற்றி தங்கள் நெற்றியில் படுவதா என்று யோசித்து, ஆளுயர மூங்கில் கம்பு ஒன்று வெட்டினார்கள். ஒரு முனை இவன் நெற்றியில், மறு முனை அவன் நெற்றியில். மூங்கில் வழியாகவும் சத்தம் ஓடும், நன்றாகவே ஓடும். உலகமே தலைகீழானாலும் கம்பு வெட்ட அவர்களுக்குக் கத்தி கிடைத்துவிடும்.

வெள்ளத்தாய்க்குக் கம்பும் இல்லை, நெற்றியும் இல்லை.

செத்த மூவரில் இரண்டு பேரை ஊர் தோளில் தூக்கியது. மொக்கராசுவைத் தூக்க ஆள் வரவில்லை. ஊர் மயானத்தில் இடமும் இல்லை என்று தலைவர் சௌந்தரபாண்டி கையை ஆட்டிக் காட்டினார். ஊருக்கும் கரட்டுக்கும் நடுவில் அவளுக்கு இருந்த மானாவாரிக் காட்டில், தன் தம்பியைப் பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்து, அவளும் மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டிப் புதைத்தாள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்துபோயின. அழகுமணியின் தாய் மாரக்காள், அவளுக்கு அக்கா முறை, கல்யாணத்தன்று அவளுக்குப் பூ வைத்துவிட்டவள், எதிரே பார்த்தால் நின்று, தரையில் துப்பிவிட்டுப் போவாள். துப்புவதற்குச் சத்தம் தேவையில்லை.

அவர்கள் அவளைப் பற்றிப் பேசியதெல்லாம் தெருவழியாக நடந்து, கதவிடுக்கில் நுழைந்து, அவள் உலை வைக்கும்போது அடுப்படிக்கு வரும். "குடிச்சுட்டுக் கிடந்திருப்பான்." "ரெண்டு பிள்ளையத் தின்னுட்டான்." "இவ எப்படி இன்னும் சோறு திங்கிறா?" வரும்போது அவள் நகர்ந்து போகமாட்டாள். அடுப்பை ஊதுகிற சாக்கில் நின்று கடைசிச் சொல் வரை கேட்பாள். கோபம் அணையாமல் இருக்க வேண்டுமே.

ஆனால் அவள் கோபத்துக்கு அடியில் ஒரு ஓட்டை இருந்தது. அன்று காலையில் அவளுக்கும் மொக்கராசுவுக்கும் சண்டை. ஒன்றுமில்லாத சண்டை, அவன் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போவதா வேண்டாமா என்று. "போ, போய் ஊதிக்கிட்டுக் கிட, அதுக்குத்தான் நீ லாயக்கு," என்று சொல்லியிருந்தாள். அவன் சாப்பிடாமல் போனான். பசியும் கோபமும் சேர்ந்து மனுஷன் ஒருவேளை ஊதாமலே நின்றுவிட்டானோ? விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, இவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு நின்றுவிட்டானோ? இதை யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் ஊரும் அவளும் ஒன்றாகிவிடுவார்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா டீச்சர் வெளியூர்க்காரி, பஸ்ஸில் வந்து போகிறவள். கரும்பலகையில் எழுதி எழுதிக் கை வீங்கிப்போய், பிள்ளைகளுக்குத் தீப்பெட்டியும் நூலும் கட்டி டெலிபோன் செய்து கொடுத்திருந்தாள். விளையாட்டுச் சாமான் பாடம் நடத்தும் சாமான் ஆயிற்று. ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் வெள்ளத்தாய் புல்லுக்கட்டோடு நின்றபோது, அவள் கேட்காமலேயே டீச்சர் சொன்னாள்.

"அக்கா, அன்னைக்குள்ள சத்தம் எங்கயும் போயிடல. கரட்டுலருந்து கீழ இறங்கின இடத்துலருந்து நடந்து வந்துக்கிட்டே இருக்கும்."

வெள்ளத்தாய் புல்லுக்கட்டைக் கீழே போட்டாள். "எந்தச் சத்தம்?"

"எல்லாந்தான். வெடி, அதுக்கு முன்னால என்ன இருந்துச்சோ அது."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அதுவும் தெரியும்க்கா. இல்லாதது வராது."

"இந்தாங்க டீச்சரம்மா, அத முன்னாடியே சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா?"

"எனக்கே இப்பத்தான்க்கா தோணுச்சு," என்றாள் டீச்சர், முகம் சிவந்து.

அன்றைக்கே போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு முறை காட்டு வரப்பு வரை போய், ஆட்டைத் திட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். இல்லாதது வராது என்று டீச்சர் சொன்னது நெஞ்சில் கிடந்தது. பிறகு ஒரு பகலில் கம்பை எடுத்துக்கொண்டு, மொக்கராசு கிடக்கிற மண் மேட்டைத் தாண்டி, கரட்டைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மூஞ்சியில் கீச்சென்று ஏதோ கீறியது. இன்னும் நடந்தாள், கீறல் நின்றது. திரும்பி இறங்கி, அந்தச் சத்தத்துக்கு முன்னால் போய், வேலிக்காத்தான் நிழலில் கரட்டைப் பார்த்து நின்றாள். காலை ஊன்றினாள். அது வந்து அவளைக் கடந்து போகட்டும் என்று நின்றாள்.

வந்தது.

என்ன வந்தது என்பதைப் பிறகு ஊரே கேட்டது, அதனால் இங்கே அவளை மட்டும் பார்த்தால் போதும். அவள் முதலில் கண்ணை மூடினாள். பிறகு கையால் வாயைப் பொத்தினாள். பிறகு, எல்லாம் அவளைக் கடந்து போன பின், கம்பை எடுத்து அந்த வேலிக்காத்தானை அடித்தாள். இலை உதிர, கிளை முறிய, கை எரிய, மரம் மொட்டையாகும் வரை அடித்தாள். அவள் அடித்த சத்தமும், அவளுக்கு மட்டும் எலும்பில் கேட்ட அவள் அலறலும், மொக்கராசுவின் சத்தத்துக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்து ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன.

ஊருக்குள் ஓடினாள். குழாயடியில் மாரக்காள் நின்றிருந்தாள். வெள்ளத்தாய் அவள் கழுத்தை எட்டிப் பிடித்து, அவள் திமிறத் திமிற, நெற்றியோடு நெற்றியை முட்டினாள்.

"அக்கா, வா. வந்து கேளு. உம் மகன் குரலு வருது."

மாரக்காள் நெற்றியை எடுக்கவில்லை. எடுக்காமலே சொன்னாள், அதனால் ஒவ்வொரு சொல்லும் வெள்ளத்தாயின் மண்டைக்குள்ளேயே பிறந்தது. "எம் மகன் பேர உன் வாயால சொல்லாத. பைத்தியம் பிடிச்சாலும் பிடிக்கட்டும், உனக்கு எம் மகன் குரலு கேக்கக் கூடாது." பிறகு தள்ளிவிட்டாள். குடம் உருண்டது.

வெள்ளத்தாய் அதன் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. தினமும் காட்டுக்குப் போய், சத்தத்துக்கு முன்னால் நின்று அது எங்கே வந்திருக்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு கல்லைப் போட்டுவிட்டு வருவாள். கல் வரிசை ஊரைப் பார்த்து நீண்டது. மேனேஜர் கந்தவேல் மேலேயிருந்து அந்தக் கல் வரிசையைப் பார்த்தான். முட்டாள் இல்லை அவன். ஒரு நாள் கீழே இறங்கி வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்றான், நின்றவன் மூஞ்சி சுண்டிப் போயிற்று. அடுத்த வாரமே ஊருக்கும் காட்டுக்கும் நடுவே தகர வேலி எழுந்தது. "புழுதி வராம இருக்க ஊருக்கு நம்ம செலவுல செய்யிறோம்," என்று பலகை எழுதி மாட்டினான். தலைவர் சௌந்தரபாண்டி அதற்கு மாலை போட்டார்.

வெள்ளத்தாய் தகரத்துக்கு முன்னால் போய் நின்று, தலைவர் நெற்றியில் தன் நெற்றியை வைக்கப் போனாள். அவர் கம்பை நீட்டினார். கம்பு வழியாகவே சொன்னாள்.

"எதுக்குய்யா இந்தத் தகரம்?"

"புழுதிக்கு."

"இத்தனை வருஷமாப் புழுதி வரலையா?"

"பொம்பளைக்கு என்ன இதுல பேச்சு? போய் ஆட்டப் பாரு."

தகரத்தின் அந்தப் பக்கத்தில் வந்து பட்ட சத்தம் நின்றது, தடவியது. ஒளி நேராகப் போகிற ஜாதி, சுவரைக் கண்டால் நிழல் போட்டுவிட்டு ஒதுங்கும். சத்தம் அப்படி இல்லை. மூலையில் வளையும், மேலே ஏறி இறங்கும், ஓட்டை கிடைத்தால் ஓட்டை வழியாக வந்து அந்த ஓட்டையிலிருந்தே மறுபடி விரியும். பக்கத்து அறையில் பேசுவது நமக்குக் கேட்பது இதனால்தான், இல்லாவிட்டால் உலகத்தில் பாதிக் குடும்பங்கள் நிம்மதியாக இருக்கும். கந்தவேல் படித்தவன், இதைப் படித்திருப்பான், மறந்திருப்பான். தகர வேலிக்கு மேலே வளைந்து, இரு முனையிலும் சுற்றி, அவன் வாய்ச் சொல் அவனுடைய தகரத்தையே தாண்டி ஊருக்குள் இறங்கியது.

முதலில் மேலத்தெரு. உச்சிப் பொழுது. சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் விசில் வந்தது. முழு விசில், மொக்கராசுவின் விசில், கடைசியில் ஒரு சின்னச் சுழிப்போடு முடிகிற அவனுடைய ஊதல். அந்த ஊதலில் வளர்ந்த பெண்கள் அவர்கள். மேலத்தெரு முழுக்கப் பெண்கள் எழுந்து சோற்றுப் பானையை மூடினார்கள். யோசிக்கவில்லை. கை தானாகப் போனது. மூடிவிட்டு, மூடியின் மேல் கை இருக்க, அப்படியே நின்றார்கள். எந்தப் பானை மூடாமல் கிடந்ததை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சாட்சி சொன்னார்களோ அந்தப் பானையின் மேல் கை இருந்தது.

பிறகு மொக்கராசுவின் குரல், குழிக்குள்ளிருந்து. "டேய் அழகு, ஏறுடா. செல்லப்பாண்டி, அந்தக் கடப்பாறைய விட்டுட்டு வா, அது எங்கயும் போகாது."

"வந்துட்டோம் சித்தப்பு. ஒரு பீடிதான்." அது அழகுமணி, சிரிப்போடு.

பிறகு கந்தவேல். "லாரி நிக்குதுய்யா. சுவிட்சத் தட்டு."

இன்னொரு குரல், தமிழ் சரியாக வராத குரல். "சார், ரெண்டாவது விசில் வரல."

"எனக்குத் தெரியாதா? தட்டுன்னா தட்டு."

இரண்டாவது விசில் ஆரம்பித்தது. நீளமாக, விரட்டுகிற விசில். பெண்கள் பிள்ளைகளை இழுக்கக் கை நீட்டினார்கள். விசில் பாதியில் இருந்தது.

வெடித்தது. இத்தனை நாள் வராமல் இருந்த வெடி. ஓடுகள் அதிர்ந்தன. அது ஓய்ந்த பிறகு, எங்கோ கல் உருளுகிற சத்தத்துக்கு நடுவில், கந்தவேல் நிதானமாகச் சொன்னான்: "யாரு கேட்டாலும் விசில் வரல. புரிஞ்சுதா?"

அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் அலறலும் ஒரு மரத்தை யாரோ அடி அடியென்று அடிப்பதும் வந்தன.

மேலத்தெரு கேட்டுவிட்டது, நடுத்தெரு மறுநாளுக்கு மேல் கேட்கும், கீழத்தெரு அதற்கும் பிறகு. அதுதான் அதில் கொடுமை, அல்லது நியாயம். என்ன வருகிறது என்று தெரிந்தே வீடு வீடாகக் காத்திருந்தார்கள். ஓடிப்போக வழி இல்லை. போனவர்களும் திரும்பி வந்தார்கள், கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அது நுழைந்து, பானையை மூட வைத்து, பிள்ளைக்குக் கை நீட்ட வைத்து, பாதியில் அறுந்து, அடுத்த வீட்டுக்குப் போனது. மாரக்காள் வீடு கீழத்தெருவில் கடைசி வீடு. அவள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, தெரு வழியாக மகன் வருவதை எதிர்பார்ப்பது போல எதிர்பார்த்தாள். "வந்துட்டோம் சித்தப்பு. ஒரு பீடிதான்." கேட்டுவிட்டுத் தலையைச் சுவரில் முட்டினாள். சுவர் வழியாக அந்த முட்டல் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தவர்களுக்கெல்லாம் உடனே கேட்டது.

கந்தவேல் மேலத்தெரு கேட்ட அன்றைக்கே காணாமல் போனான். பையன்கள் செல்போனில் பிடித்து வைத்ததை அதிகாரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எப்போது பேசிய பேச்சு இது, ஏன் இவ்வளவு நாள் கழித்து வருகிறது என்று அவர் கேட்டார். முதலாளி வேறு மேனேஜரை வைத்தார். லாரிகள் நிற்கவில்லை. தகர வேலியை மட்டும் ஊர் பிய்த்து எறிந்தது. தகரத்தைப் பிய்ப்பது சுலபம்.

பிறகு எல்லாரும் வெள்ளத்தாய் வீட்டுக்கு வந்தார்கள்.

அவள் துணிமணியைக் கட்டி வைத்திருந்தாள். காட்டில், மொக்கராசுவுக்குப் பக்கத்தில், தம்பி ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தான்; ஆடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஊர் நின்றது. மேலத்தெரு, கீழத்தெரு, தலைவர், கொட்டுக்காரர்கள், குழாயடிப் பெண்கள், முன்னால் மாரக்காள். பத்தடி தள்ளி நின்றார்கள். எவருக்கும் கிட்டே வந்து அவள் நெற்றியில் நெற்றியை வைக்கத் தைரியம் இல்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினார்கள். வாய்கள் அசைந்தன, கைகள் கும்பிட்டன. மொக்கராசுவைத் தோண்டி எடுத்து ஊர் மயானத்தில் வைக்கிறோம், எல்லாரும் தூக்குகிறோம், மேளத்தோடு தூக்குகிறோம் என்று தலைவர் கையால் காட்டினார். தோளைத் தட்டிக் காட்டினார். அந்தத் தோள் அன்றைக்கு எங்கே போயிருந்ததாம்?

அவர்கள் சொன்னதெல்லாம் அந்தப் பத்தடியை நடந்து அவள் வாசலுக்கு வந்துசேர வெகுநேரம் ஆகும். அவளுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

மாரக்காள் மட்டும் கடைசியில் துணிந்து கிட்டே வந்தாள். வந்து, கண்ணை மூடி, நெற்றியை நீட்டினாள். சுவரில் முட்டிய காயம் அதில் ஆறாமல் இருந்தது. வெள்ளத்தாய் அந்த நெற்றியைப் பார்த்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் நெற்றி. பார்த்தாள், ஒதுங்கிக்கொண்டாள். மாரக்காளின் நெற்றி காற்றில் நின்றது.

பிறகு வெள்ளத்தாய் ஊரைப் பார்த்துத் திரும்பி நின்று பேசினாள். நெடுநேரம் பேசினாள். ஒவ்வொருத்தர் மூஞ்சியாகப் பார்த்துப் பேசினாள்; தலைவரைப் பார்த்து விரலை ஆட்டினாள், குழாயடிப் பெண்களைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் மெதுவாக, மாரக்காளைப் பார்த்து எல்லாரையும்விட நீளமாக. வாய் அசைவதை எல்லாரும் பார்த்தார்கள், உதட்டிலிருந்து ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பேசி முடித்து, கதவைப் பூட்டி, மூட்டையைத் தலையில் வைத்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டைப் பார்த்து நடந்தாள்.

ஊர் நகரவில்லை. அவள் சொன்னது வருமே, கேட்க வேண்டுமே. முதல் வரிசையில் நின்றவர்களுக்கு இருட்டுவதற்குள் வர வேண்டும். வரவில்லை. கணக்குத் தப்பியிருக்கும் என்றார்கள். மறுநாளும் நின்றார்கள். முறை வைத்துக்கொண்டு நின்றார்கள், கட்டில் கொண்டுவந்து போட்டார்கள், அவளுடைய ஆடு கத்தியது மட்டும் வந்து அவர்களைக் கடந்து போனது. சாபமாக இருக்கும் என்றான் ஒருவன். மன்னித்திருப்பாள் என்றாள் ஒருத்தி, அதைச் சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை இல்லை. இன்றைக்கும் மாரக்காள் உலையை இறக்கி வைத்துவிட்டு அந்த வாசலுக்குப் போய்க் கால் ஊன்றி நிற்கிறாள். மேலத்தெருப் பெண்கள் சோறு வடிக்கும்போது பாதியில் நிறுத்திக் காது கொடுக்கிறார்கள். கம்புகளைக்கூட ஓரமாகப் போட்டுவிட்டார்கள். அதுவாவது ஒரு காரியம்.

காட்டுக் கொட்டகையில் வெள்ளத்தாய் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் அன்றைக்குக் குரல் கொடுக்கவே இல்லை. வாயை மட்டும்தான் அசைத்தாள். நிற்கட்டும்.